பன்றி கொடுத்துச் சொன்ன பெயர்

மோமோட்டே விமானத் திடலில் அமெரிக்கர்கள் இறங்கிய அறுபதாம் ஆண்டு விழாவுக்குக் கல் நடப்போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து லூக்காஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. அமெரிக்கர்களும் ஜப்பான்காரர்களும் மோதிய அந்தப் போர் நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. மானுஸ் தீவில் போரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் எல்லாரும் போருக்குப் பிறகு பிறந்தவர்கள்தான். கண்ணால் பார்த்தவர்கள் பாக்கை மென்றுகொண்டு சும்மா இருப்பார்கள்.

லூக்காஸுக்குப் பேச விஷயமும் கைவசம் இருந்தது. அவருக்கு அமெரிக்காவில் ஒரு சித்தப்பா. போர்க்காலத்தில் இந்தத் திடலில் வேலை செய்தவர். அவருடைய சுறுசுறுப்பைப் பார்த்து மயங்கிப்போன அமெரிக்கர்கள், போகும்போது கப்பலில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். லூக்காஸ் பள்ளிக்கூடம் போன காலத்தில் சித்தப்பா அமெரிக்காவில் சமையல்காரராக இருந்தார். லூக்காஸ் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியின் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனபோது சித்தப்பா கார் விற்க ஆரம்பித்தார். லூக்காஸ் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது சித்தப்பாவுக்கு ஏழு மாடியில் ஓட்டலே வந்துவிட்டது. அங்கே அவர் சொத்து ஏறிக்கொண்டே போனது. இங்கே ஒரு கடுதாசிதான் வரவில்லை.

அந்தச் சித்தப்பாவின் பெயர் என்ன என்று கேட்டால் லூக்காஸ் தலையைச் சொறிவார். அவருக்குத் தெரியாது. ஊரில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களால் சொல்ல முடியாது.

அந்தக் கரையில் சம்பந்தம் செய்த வீட்டார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. பெண் கொடுத்தவர் பெயரைப் பெண் எடுத்தவர் சொல்லக் கூடாது. அண்ணன் பெயர் ஆகாதென்றால் தம்பி பெயரும் ஆகாது, ஆள் செத்தாலும் ஆகாது. தவறிப்போய்ச் சொன்னால் வெட்கம். தெரிந்தே சொன்னால் பன்றி தண்டம். லூக்காஸின் அப்பாவோ கூடப் பிறந்த சகோதரிகளைக் கரையோரம் ஒரு வீடு விடாமல் கட்டிக் கொடுத்திருந்தார். ஆகவே ஊரே அவருக்குச் சம்பந்தி. அவர் பெயரையும் அவர் தம்பி பெயரையும் சொல்ல உரிமையுள்ள வாய்கள் லூக்காஸுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மட்டுமே இருந்தன. அந்த வாய்களுக்கு அண்ணன் பெயர் தெரியும், தம்பி பெயர்தான் தெரியாது.

அப்பா இருந்த காலத்தில் லூக்காஸ் அவரிடமே கேட்டிருக்கிறார். "போயிட்டான்" என்பார் அப்பா. எங்கே என்று கேட்டால் கையை நீட்டிக் கிழக்கே காட்டுவார். கிழக்கே கடல். கடலைத் தாண்டினால் அமெரிக்கா. இதற்கு மேலும் விளக்கம் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

லூக்காஸின் மனைவி தெக்லாவுக்குப் பெயர் தெரியும்.

விமானத் திடலின் வேலியோரம் ஒரு குடையை நட்டு, பாக்கும் சுண்ணாம்பும் புகைபோட்ட மீனும் விற்கிறவள் அவள். லூக்காஸ் போர்ட் மோர்ஸ்பியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது, படுக்கையில் விழுந்த மாமனாரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவளும் அவள்தான். மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது. நடுவே சேகோப் பனை ஓலையில் பின்னிய தட்டி. தட்டிக்கு அடியில் தட்டைத் தள்ளுவாள். காலித் தட்டு திரும்பி வரும். இப்படியே ஒரு மழைக்காலம் போன பிறகு, ஒரு மத்தியானம் தட்டி பேச ஆரம்பித்தது.

"லீனாவோட அம்மா, இருக்கியா?" பேத்தி பெயரை வைத்துத்தான் அவர் மருமகளைக் கூப்பிட முடியும்.

"இருக்கேன் மாமா."

"ஜப்பான்காரன் எங்க ரெண்டு பேரையும் பவளக்கல்லு உடைக்கக் கொண்டு போனான். அமெரிக்காக்காரன் மேலேர்ந்து குண்டு போடுவான். திடல்ல குழி விழும். நாங்க மூடணும். மறுபடி போடுவான், மறுபடி மூடணும். அப்புறம் அமெரிக்காக்காரன் எறங்கினான். இப்ப ஜப்பான்காரன் வந்து போடுறான். அதையும் நாங்கதான் மூடுனோம். ஆளு மாறிச்சு, கூடை மாறலை."

தெக்லா சிரித்துவிட்டாள். மாமனார் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"சிரிக்காத. ஜப்பான்காரன் இருந்தப்ப ஒரு நாள் நான் தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா தம்பி நின்ன எடத்துல குழி. ப்ளேன் எறங்கணும் சீக்கிரம்னு அதிகாரி கத்துறான். தேட விடலை. கூடையைக் கையில குடுத்தான். கொட்டினேன். எங்கம்மாகிட்ட கப்பல்ல ஏறிப் போயிட்டான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது?"

தட்டிக்கு அடியில் காலித் தட்டு திரும்பி வந்தது. பிறகு மாமனார் தன் தம்பியின் பெயரைச் சொன்னார். "அந்தத் திடல்ல நின்னு, யாராவது ஒரு தடவை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும். நானும் எத்தனையோ தடவை போய் நின்னேன். வாய் வரமாட்டேங்குது."

அவர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில்தான் விமானத் திடல் கிடக்கிறது. கிழவர் இத்தனை வருஷமாகக் கை நீட்டிக் காட்டியது திடலைத்தான். எல்லாரும் அதன் மேலாகக் கடலைப் பார்த்துவிட்டு, அதற்கும் அப்பால் ஏழு மாடி ஓட்டலைப் பார்த்தார்கள்.

சொல்ல வேண்டிய ரகசியத்தை, போயும் போயும் சொல்லக் கூடாதவளிடம் ஒப்படைத்துவிட்டு மாமனார் கண்ணை மூடினார். சாவுக்கு வந்த லூக்காஸிடம் தெக்லா, பெயரை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

"காய்ச்சல்ல உளறியிருப்பாரு" என்றார் லூக்காஸ். "பேரு சொன்னாரா?"

"சொன்னாரு."

"என்ன பேரு?"

தெக்லா வாயை மூடிக்கொண்டாள். எழுதிக் காட்டினாலும் சொன்னதுதான், படம் வரைந்து காட்டினாலும் சொன்னதுதான், மகளின் காதில் ஓதினாலும் சொன்னதுதான். வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் ஒரு பொந்து விடாமல் அடைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

"பேரே இல்லாத கதை" என்று லூக்காஸ் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவும் இல்லை. அவளிடம் பெயர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பெயரை வாங்கினால் அதோடு ஒட்டிக்கொண்டு குழியும் வரும். ஓட்டல் போய்விடும். ஆகவே ஊரெல்லாம் தேடுவார், அடுப்பங்கரையில் மட்டும் தேடமாட்டார்.

தெக்லா தினமும் திடலோரம் உட்கார்ந்து பாக்கு விற்றாள். போர்ட் மோர்ஸ்பி விமானம் வந்து இறங்கும்போதெல்லாம் திடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்காருவாள். அந்தச் சக்கரம் யார் மேலே உருண்டு போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள். கூப்பிடு என்று கேட்டவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வாயில் இருக்கிற பெயரைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பதினொரு வருஷம் ஓட்டிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் ஜூடித் வந்து இறங்கினாள். அமெரிக்கக்காரி, அறுபதை நெருங்குகிறவள். போரின்போது அவளுடைய அப்பா இந்தத் திடலைச் சமன் செய்ய ரோலர் ஓட்டினாராம். ரோலரின் மேலே சட்டையில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று அவள் பையில் இருந்தது. அப்பா இருந்த அதே இடத்தில் நின்று தானும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு, இங்கே வேலை செய்த தீவுக்காரர்களின் பெயர்களையும் சேகரித்துக் கல்லில் வெட்டித் தருவதாக விழாக் குழுவிடம் ஒத்துக்கொண்டிருந்தாள். புண்ணியவதி, ஊர் வழக்கத்தைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஊர்க்காரர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி விருந்தாளிக்கு யார் விளக்கிச் சொல்வார்கள்?

குழு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. கண்ட பெயரெல்லாம் கல்லில் ஏறாது. விவரம் அறிந்தவர் சபையில் எழுந்து பெயரைச் சொல்ல வேண்டும், நேரில் பார்த்தவர் ஒருவர் ஆமோதிக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஊர்ப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல நிபந்தனை என்று பாராட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

ஜூடித்துக்குத் துணையாக லூக்காஸை நியமித்தார்கள். அதிகம் பேசுகிறவர் என்பதே தகுதி. முதல் நாளே லூக்காஸ் தம் காரியத்தை எடுத்து வைத்தார்.

"அம்மா, எங்க சித்தப்பா உங்க ஊர்லதான் இருக்காரு. தேடிக் குடுக்கணும். பெரிய ஓட்டல்."

"பேரு சொல்லுங்க" என்றாள் ஜூடித். புத்தகத்தில் கற்றுக்கொண்ட ஊர்ப் பேச்சு, நிறுத்தி நிறுத்தித்தான் வரும். "பேரு இல்லாம நான் எப்படித் தேடுறது?"

அன்று முதல் தொடங்கியது லூக்காஸின் மாபெரும் ஆராய்ச்சி. ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜூடித் பின்னால் வர, அவர் கிழவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். கிழவர்களுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று தெக்லாவின் கடையிலிருந்து பாக்கு எடுத்துக்கொண்டார். வழிச்செலவுக்கென்று புகைபோட்ட மீனும் எடுத்துக்கொண்டார். குடைக்கடியில் வியாபாரம் நன்றாகவே நடந்தது, காசுதான் வரவில்லை.

முதலில் கிழவர் போன்ட்ரோஸ். லூக்காஸின் அத்தையைக் கட்டியவர். அத்தை எப்போதோ போய்விட்டாள், இவர் இருக்கிறார். போரின்போது மீசை முளைக்காத வயதில் அதே திடலில் கூடை சுமந்தவர்.

"மாமா, எங்க சித்தப்பாவைத் தெரியுமா?" என்றார் லூக்காஸ்.

"தெரியாம என்ன? ஒரே கூடையில சோறு தின்னவங்க நாங்க."

"அவரு பேரு என்ன மாமா?"

போன்ட்ரோஸ் பாக்கை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். கூரையைப் பார்த்தார். "நெட்டையன்."

"அதுவா பேரு?"

"நெட்டையா இருந்தான்."

ஜூடித் பெட்டியை அவர் வாய்க்கருகே நகர்த்தி வைத்தாள். பெட்டியைக் கண்டதும் பெயர் வந்துவிடும் என்று நினைத்தாள் போலும். "நல்லா யோசிச்சுப் பாருங்க ஐயா. வயசாச்சு, மறந்திருக்கும்."

"மறக்கிறதா?" என்றார் போன்ட்ரோஸ், உண்மையிலேயே கோபத்தோடு. "உனக்கு உன் பேரு மறந்தாலும் எனக்கு அவன் பேரு மறக்காது. போம்மா."

அடுத்த வீட்டுக் கிழவர் "ஆமை பிடிக்கிறவன்" என்றார். துறைமேட்டில் ஒருத்தி, பல் ஒன்றுகூட இல்லாதவள், "நல்லா விசில் அடிப்பான்" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான்காவது வீட்டில், "லூக்காஸோட அப்பனுக்குப் பின்னால பொறந்தவன்" என்ற அரிய தகவல் கிடைத்தது. ஜூடித் ஒவ்வொன்றையும் பக்தியோடு எழுதிக்கொண்டாள். வார முடிவில் கூட்டிப் பார்த்தபோது ஒரே குடும்பத்திலிருந்து நான்கு வீரர்கள் தேறினார்கள்.

"நாலு பேரா?" என்று அவள் கண் கலங்கக் கேட்டாள். "இவ்வளவு சின்ன ஊர்லேர்ந்து, ஒரே வீட்டுல நாலு பேரு?"

ஒரே ஆள்தான் அம்மா என்று லூக்காஸ் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தார். நான்கு சித்தப்பா என்றால் நான்கு ஓட்டல் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். "எங்க ரத்தம் அப்படி" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் இதை வீட்டில் சொன்னபோது தெக்லா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு பேரா?" என்றாள் அவளும்.

"அந்தம்மாவே எண்ணிச் சொல்லுது."

"ஏங்க, நெட்டையா இருக்கிறவரு ஆமை பிடிக்கக் கூடாதா? ஆமை பிடிச்சுக்கிட்டே விசில் அடிக்கக் கூடாதா?"

"உனக்கு ஆராய்ச்சியைப் பத்தி என்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அவரு எங்க இருக்காருங்கறது மட்டும் தெரியும்."

லூக்காஸ் கேட்காதது போல மீனில் முள் எடுத்தார். அந்த மீனில் முள் இருக்காது.

சபை கூடியது விமான நிலையக் கொட்டகையில். காலை விமானம் போய்விட்டது, மத்தியான விமானம் வர நேரமிருந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. ஜூடித் தன் பட்டியலைப் படித்தாள். மற்ற குடும்பத்துப் பெயர்களெல்லாம் சிக்கலில்லாமல் ஏறின. அந்தந்தக் குடும்பத்தில் பெயர் தெரிந்த சொந்த ரத்தம் எழுந்து சொன்னது, ஒரு கிழவர் ஆமாம் என்றார். கடைசியாக அவள், "இப்போ லூக்காஸ் குடும்பத்து நாலு வீரர்கள்" என்றாள். "நெட்டையன். ஆமை பிடிக்கிறவன். விசில் அடிக்கிறவன். பின்னால பொறந்தவன். இவங்களோட சரியான பேரை யாராவது சொல்லுங்க."

பெயர் தெரிந்த அத்தனை பேரும் மிகுந்த அக்கறையோடு தங்கள் கால் விரல்களை ஆராய்ந்தார்கள். எதிர்வரிசையிலிருந்து யாரோ ஒரு இளவட்டம், "தெரியலைன்னா விட்டுடுங்களேன்" என்றான். தெரியவில்லை என்பதுதான் அங்கே பெரிய அவமானம். கிழவர்கள் அதையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

லூக்காஸ் எழுந்தார். மைக்கைக் கண்டால் அவருக்கு இடுப்பு தானாக நிமிரும். அமெரிக்கக் கப்பலைப் பற்றிப் பேசினார். ஓட்டலைப் பற்றிப் பேசினார், ஒவ்வொரு மாடியாக ஏறினார். நாலாவது மாடி வந்தபோது தன்னாலேயே களைத்துப்போய் முடிவுக்கு வந்தார்.

"பேருல என்ன இருக்கு? கல்லுல 'அமெரிக்கா போனவர்'னு போட்டுடுங்க. அவரு பார்த்தா சந்தோஷப்படுவாரு."

ஓரத்தில் நின்றுகொண்டிருந்த தெக்லாவுக்கு அந்த இடத்தில் பொறுக்கவில்லை. பெயர் இல்லாமல் போனால் போகட்டும் என்றுதான் அதுவரை நின்றாள். ஆனால் ஆள் எங்கே படுத்திருக்கிறாரோ அதே இடத்தில், ஆள் இங்கே இல்லை என்று கல் நடப் போகிறார்கள். அதையும் தினமும் பாக்கு விற்றுக்கொண்டே பார்த்தாக வேண்டும். அவள் நடந்து வந்து புருஷனின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவர் தண்ணீர் கொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து ஏமாந்துபோனார்.

"அவரு எங்கேயும் போகலை" என்றாள். "நாலு பேரும் இல்லை, ஒருத்தருதான். அமெரிக்காக்காரன் போட்ட குண்டுல செத்தாரு. ஜப்பான்காரன் மூடச் சொன்னான். எங்க மாமா தன் கையாலயே கல்லைக் கொட்டி மூடினாரு. இதோ, இந்தத் திடலுக்கு அடியில இருக்காரு."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அவரு பேரு கனாவி."

பெண்கள் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஒருத்தி தன் வாயையே பொத்திக்கொண்டாள், சொன்னது அவள்தான் என்பது போல. மருமகள் மாமனார் வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டாள், அதுவும் மைக்கில்.

முன்வரிசையில் போன்ட்ரோஸ் தடியை ஊன்றி எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"ஆமா" என்றார். "அவன்தான்." அறுபது வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை வேறொருத்தி எடுத்து வெளியே வைத்துவிட்ட நிம்மதியில் அவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். பெயரை வாயால் சொல்லாமலே ஆமோதிக்கலாம் என்ற பொந்து, நல்லவேளை, வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் கண்ணில் படவில்லை.

ஜூடித் பட்டியலில் மூன்று வரிகளை அடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "திடல்ல எந்த எடம்?"

"நடுவுல எங்கேயோ. மாமா கை நீட்டிக் காட்டின பக்கம்."

ஜூடித் பையிலிருந்து அப்பாவின் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தாள். ரோலருக்குக் கீழே தரை வெள்ளை வெளேரென்று, பலகை போலச் சமனாக இருந்தது. வெகுநேரம் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தைப் பைக்குள் வைத்து மூடினாள். திடலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை.

பன்றி விஷயத்தில் ஊர் இரக்கம் காட்டவில்லை. பெயருக்குரிய குடும்பத்தின் தலைவருக்குக் குற்றவாளி பன்றி கொடுத்து வெட்கம் கழுவ வேண்டும். குடும்பத் தலைவர் லூக்காஸ். குற்றவாளி அவர் பெண்டாட்டி. தண்டம் கேட்டே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் அவரை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"பன்னி குடு" என்றார் லூக்காஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எந்தப் பன்னி?"

"பட்டியில இருக்கிற பெரிய பன்னி."

"அது நான் வளர்த்தது."

"அதான். நீதானே குடுக்கணும்."

"யாருக்கு?"

"எனக்கு."

"வாங்கி என்ன பண்ணுவீங்க?"

"ஊருக்கு விருந்து வைக்கணும்."

"யாரு சமைக்கிறது?"

லூக்காஸ் பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு வழக்கத்தில் பதில் இல்லை என்பது போல அவர்கள் மேகத்தைப் பார்த்தார்கள்.

தெக்லாதான் பன்றியைப் பிடித்துக் கொடுத்தாள். அவளே சமைத்தாள். தன்னுடைய குற்றத்தைத் தானே வதக்கி, தேங்காய்ப்பால் ஊற்றி, ஊருக்கெல்லாம் பரிமாறினாள். உப்பு கொஞ்சம் குறைவு என்று நான்கு பேர் சொன்னார்கள்.

எல்லாரும் போன பிறகு லூக்காஸ் வாசல்படியில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் இன்னும் போகவில்லை. அவர் தட்டு அப்படியே இருந்தது. சித்தப்பாவையும் ஏழு மாடியையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனுஷனைப் பார்க்க தெக்லாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"காய்ச்சல்ல உளறினாருன்னு நெனச்சேன்" என்றார்.

"நெனைக்கலை நீங்க. அப்படி இருக்கட்டும்னு விட்டுட்டீங்க."

அவர் மறுக்கவில்லை. "சின்ன வயசுல எனக்கு ஒண்ணும் இல்லடி. சட்டைகூட இல்லை. அமெரிக்காவுல சித்தப்பா இருந்தாரு, அது ஒண்ணுதான் இருந்துச்சு."

தெக்லா தட்டை எடுத்துச் சூடு பண்ணிக்கொண்டு வந்து வைத்தாள்.

விழா நாளன்று மந்திரி தாமதமாக வந்து, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி பேசினார். திடலின் ஓரத்தில் கல் நின்றது. கடைசி வரியில் கனாவி என்று வெட்டியிருந்தது. பெயர்களை வாசிக்கப் பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். குரல் கணீரென்று இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அவர் வீடும் லூக்காஸ் குடும்பத்தில் பெண் எடுத்த வீடுதான். தொண்டையைச் செருமினார், கண்ணாடியைத் துடைத்தார், மைக்கை உபதேசியாரிடம் நீட்டினார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அவரும் அந்த வீட்டு மருமகன்தான். பாடுபட்டுக் கல்லில் ஏற்றிய பெயரை வாசிக்க அந்த ஊரில் நாதியில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

மைக் கை மாறிக் கை மாறி லூக்காஸிடம் வந்து சேர்ந்தது. உரிமையுள்ள வாய். இப்போது பெயரும் தெரிந்த வாய். மைக்கை வாங்கிக்கொண்டு திடலுக்குள் நாலடி நடந்தார். கிழக்கே பார்த்து நின்றார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். மானுஸ் தீவிலேயே அதிகம் பேசிய மனுஷனுக்குச் சத்தம் வரவில்லை. நானும் எத்தனையோ தடவை போய் நின்னேன், வாய் வரமாட்டேங்குது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரலை தெக்லா மறுபடி கேட்டாள். அவள் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"நான் கூப்பிடவா?"

லூக்காஸ் தலையாட்டினார்.

மைக்கை அவள் வாங்கவில்லை. அது வாசிப்பதற்கு. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, கடலில் தூரமாகப் போய்விட்ட படகைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது போல, திடலின் நடுவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"கனாவி…"

குரல் திடலின் மறுகோடி வரை போனது. மந்திரிகூட எழுந்து நின்றார், எதற்கென்று தெரியாமலே.

போன்ட்ரோஸ் தடியை ஊன்றிப் பக்கத்தில் வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. லூக்காஸின் காதுக்கருகே குனிந்து, சங்கடத்தோடு சொன்னார். "மாப்ளே, தப்பா நெனைக்காத. குடுத்த பன்னி அன்னிக்குச் சொன்னதுக்கு. இது ரெண்டாந்தடவை."

லூக்காஸுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"பட்டியில இன்னும் ஒண்ணு இருக்கு மாமா. அது நான் வளர்த்தது" என்றார். பிறகு தெக்லாவைப் பார்த்து, "இன்னொரு தடவை கூப்பிடு" என்றார்.